உப்புப் பார்க்க ஒரு நாக்கு

எங்கள் வீடு செங்கல்லில் கட்டியது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அது சாசேஜில் கட்டிய வீடு. மாதம் ஒரு முறையும் பண்டிகைக்கு ஒரு முறையும் பன்றிக்கறி சாசேஜ் கோயில் பங்களாவுக்குப் போய்க்கொண்டிருக்கும்வரை அந்த ஓடு எங்கள் தலைக்கு மேலே இருக்கும். போகாவிட்டால் இருக்காது. இதை யாரும் காகிதத்தில் எழுதவில்லை, ஆனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைப்பக்கம் போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் காலனி. நிலம் மிஷனுடையது. மதிலை ஒட்டிய ஓட்டு வீடு சாமியாருக்குச் சமைக்கிற குசினிக்காரருக்கு என்று ஏற்பாடு. குசினிக்காரர் என் மாமனார் கஸ்பார். பங்குச் சாமியார் இத்தாலிக்காரர், லூயிஜி என்று பெயர், ஊருக்கு அவர் லூயிசு சாமி. இருபது வருடத்தில் களியும் கீரைக்குழம்பும் பழகிவிட்ட மனிதர். தினச் சாப்பாடு அவருக்குக் கன்னியர் மடத்திலிருந்து வந்துவிடும். ஒன்றே ஒன்றில்தான் அவருக்கு நாக்கு அடங்காது. மிளகும் சோம்பும் பூண்டும் சேர்த்து, அவர் ஊர் வழக்கப்படி குடலில் அடைத்த பன்றிக்கறி. "சேலத்துக்கு இப்பால் கஸ்பாரைப் போல் இதைச் செய்பவர் ஒருவரும் இல்லை" என்று வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்வார். ஜெபப் புத்தகத்தில் தமிழ் படித்தவர், பேச்சும் அப்படியே இருக்கும்.

அவர் சொன்னது சுத்தப் பொய், ஆனால் அவருக்கு அது தெரியாது. நான் கல்யாணமாகி வந்த வருடமே மாமாவுக்குக் கை நடுக்கம் கண்டுவிட்டது. நடுங்குகிற கையால் அடைத்தால் குடல் கிழியும். முதலில் புனலைப் பிடித்துக் கொடுத்தேன். அப்புறம் கறி நறுக்கினேன். மூன்றாவது மாதத்திலிருந்து எல்லாமே நான்தான். மாமா சலவை வேட்டி கட்டிக்கொண்டு தட்டை ஏந்திப் போவார். கை போன குசினிக்காரனுக்கு எதற்கு வீடு என்று மிஷனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் ஏழு வருடம் ஓடியது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பிட்டது யார் என்றே தெரியாதவர் யாரை நினைப்பார்?

என் வீட்டுக்காரர் சின்னப்பராஜ் லாரி ஓட்டுகிறவர். பத்து நாளுக்கு ஒருமுறை வருவார், சாப்பிடுவார், தூங்குவார். "அப்பா பேர் கெடாம பாத்துக்க" என்பார். என் பெயர் புஷ்பமேரி என்பது அவருக்கு நினைவிருந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

எண்பத்து மூன்றாம் வருடம், பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் ஏரியூரிலிருந்து என் அம்மா இன்னாசியம்மாள் இரண்டு பஸ் மாறி வந்தாள். மடியிலிருந்து பழுப்புக் கவர் ஒன்றை எடுத்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. ரேஷன் கார்டில் என் பெயர் இன்னும் அங்கேதான் இருந்தது. அம்மாதான் மனுப் போட்டிருக்கிறாள். நான் பத்தாவது பாஸ் செய்தது ஒருவழியாக ஒரு காரியத்துக்கு உதவியது. கவரில் என் பெயர் டைப் அடித்திருந்ததைப் பார்த்ததும் நான் அழுதுவிட்டேன். எனக்கென்று ஒரு ரெஜிஸ்டர், ஒரு நாற்காலி, என் கையெழுத்து. என் பொறுப்பில் வடித்த சோற்றை என் பொறுப்பு என்று சொல்கிற வேலை.

பென்னாகரத்துக்குப் போய் யூனியன் ஆபீஸில் கேட்டேன். கிளார்க் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.

"பாஸ்குப் பண்டிகை முடிஞ்ச புதன்கெழமைக்குள்ள வந்து சேந்துரணும்மா. வேற எங்கயும் வேலையில இல்ல, நன்னடத்தை உள்ளவங்கன்னு ஒரு லெட்டர் வேணும். உங்களுக்கு உங்க சாமியார் குடுத்தா போதும், சீல் இருக்கணும்."

வேறெங்கும் வேலையில் இல்லை. அது எவ்வளவு சுலபம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஏழு வருடம் செய்த வேலையைத்தான் யாருக்கும் தெரியாமல் செய்திருக்கிறேனே. அந்தப் பொய் முதல் தடவையாக எனக்கு உதவப் போகிறது என்று நினைத்தேன்.

லூயிசு சாமியிடம் போய்ச் சொன்னேன். சந்தோஷப்பட்டார்.

"மிக்க மகிழ்ச்சி, மகளே. எழுதித் தருகிறேன். ஆனால் கஸ்பார்? அவர் இங்கேதானே இருப்பார்?"

"இருப்பாருங்க சாமி." வாய் கூசாமல் சொன்னேன். "மாமாகிட்ட இப்ப சொல்ல வேண்டாமுங்க. பண்டிகை கழியட்டும், நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

"அப்படியே ஆகட்டும். பாஸ்கு அன்று கடிதம் தருகிறேன். என் அக்காள் ஊரிலிருந்து வருகிறாள். நாற்பது ஆண்டாக எங்கள் அம்மாவின் சாசேஜை அவள் உண்ணவில்லை. கஸ்பாரிடம் சொல், அவருடைய புகழ் இப்போது கடல் கடந்துவிட்டது."

என் திட்டம் இதுதான். புதன்கிழமை போய்ச் சேர்ந்துவிடுவது. அம்மா வீட்டில் ஓர் அறையை ஒழித்து, எங்கள் ஐந்து வயது மகளையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு போய்விடுவது. வேலை கையில் இருந்தால் மாமா அழுதாலும் சமாளிக்கலாம். அதற்கப்புறம் சாமிக்குச் சாசேஜ் வேண்டுமானால் ரோமாபுரிக்கு எழுதிப் போட்டுக்கொள்ளட்டும். முன்னாலேயே சொன்னால் மாமா பயந்துபோய் சாமி காலில் விழுந்து காரியத்தைக் கெடுத்துவிடுவார். அதனால்தான் அவரிடம் மூச்சுவிடவில்லை.

பெரிய வெள்ளியன்று எங்கள் பக்கம் கத்தியே எடுக்க மாட்டார்கள். மறுநாள் சனிக்கிழமை, வெயில் ஏறுமுன் கறியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். வெள்ளைப் பன்றி வளர்க்கிற மாது, காலை ஆறு மணிக்கெல்லாம் சைக்கிளில் வந்து இறக்கினார். தோள்பட்டைக் கறி மூன்று கிலோ, முதுகுக் கொழுப்பு ஒரு கிலோ, தனிப் பாத்திரத்தில் குடல். குடலைப் பச்சைக் குச்சியில் கோத்து உள்ளது வெளியாகத் திருப்பி, கத்தி முதுகால் வழித்து, எலுமிச்சைச்சாறும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து ஏழு தண்ணீர் அலசினேன். பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் விரல் தெரிய வேண்டும். கறியைக் கொத்தக் கூடாது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்க வேண்டும். கொழுப்பை அதற்கும் சிறிதாக. மிளகை ஒன்றிரண்டாக இடித்து, சோம்பை லேசாக வறுத்து, பூண்டை நசுக்கிப் பூசைக்கு வாங்குகிற திராட்சை ரசத்தில் ஊறவைத்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்தேன்.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. குடலில் அடைக்குமுன் ஒரு சிட்டிகைக் கறியைக் கல்லில் போட்டு வதக்கி உப்புப் பார்க்க வேண்டும். அடைத்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. மற்ற நாளில் நானே பார்ப்பேன். தபசுகாலம் நாற்பது நாளும் எனக்குச் சுத்தபோசனம், கறி நாக்கில் படக் கூடாது. மாமாவுக்கு வயது அறுபது தாண்டியதால் அந்தக் கட்டு இல்லை. ஆகவே பாஸ்குச் சாசேஜுக்கு மட்டும் உப்புப் பார்க்கிற நாக்கு மாமாவுடையது. மிச்சம் இருக்கிற பெருமையை அதில்தான் வைத்திருந்தார். முக்காலியைப் போட்டு, கண்ணை மூடி, நீதிபதியைப் போல உட்காருவார்.

அன்று என் நினைப்பெல்லாம் சாமியார் எழுதப் போகிற கடிதத்தில். சிட்டிகைக் கறியை வதக்கி மாமா கையில் கொடுத்தேன். வாயில் போட்டு மென்றார். அப்போதுதான் உப்புப் பொட்டலம் கட்டு அவிழ்க்காமல் அடுப்பு மேடையில் இருப்பதைப் பார்த்தேன். ஒரு கல் உப்புகூடப் போடவில்லை. ஐயோ என்று வாயைத் திறக்குமுன் மாமா தலையை ஆட்டினார்.

"உப்பு கரெக்டா இருக்குது கண்ணு. நீ அடைக்கலாம்."

நான் பொட்டலத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்கவில்லை.

"எத்தன நாளா மாமா?"

"ரெண்டு வருஷமாச்சு. அந்தக் காய்ச்சல் வந்துட்டுப் போச்சே, அதுலருந்து. எதப் போட்டாலும் மண்ணாட்டம் இருக்குது. கையும் போயி நாக்கும் போச்சுன்னு சொன்னா, அப்புறம் நான் எதுக்கு இந்த வூட்டுல இருக்கறது?"

அந்த மனிதர்மேல் எனக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது போய், உப்பே தெரியாத மனிதர் குசினியிலே என்றாகிவிட்டது. இப்போது உப்புப் பார்க்க வீட்டில் நாக்கே இல்லை. ஒன்று செத்த நாக்கு, இன்னொன்று கட்டிப்போட்ட நாக்கு. நானே ஒரு துளி வைத்துப் பார்த்தால் என்ன என்று நினைத்தேன். பார்த்தால் பாவம். பாவம் என்றால் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முழங்காலிட்டு அதைச் சொல்ல வேண்டும். தொட்டிக்குள் யார் இருப்பார்? லூயிசு சாமியேதான். சாசேஜுக்கு உப்புப் பார்த்தேன் சாமி என்றால், கஸ்பார் இருக்க நீ ஏன் பார்த்தாய் மகளே என்று கேட்பார். அங்கே போய்ப் பொய் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

இன்னொன்றும் மனதில் ஓடியது, அதையும் சொல்லிவிடுகிறேன். உப்பே போடாமல் அடைத்துவிட்டால் என்ன? அக்காள் துப்பட்டும், சாமிக்கு ஆசை விட்டுப் போகட்டும், எங்களுக்கும் விடுதலை. ஆனால் தட்டை ஏந்திக்கொண்டு போய் அந்த அவமானத்தை வாங்குவது மாமாவல்லவா. நான் உப்பை அள்ளினேன். கை தானாக ஓரிடத்தில் நின்றது. போட்டுப் பிசைந்து, புனலை மாட்டிக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி அடைத்தேன். சாண் சாணாக முறுக்கி நூல் கட்டினேன். காற்று நின்ற இடமெல்லாம் எலுமிச்சை முள்ளால் குத்தினேன். கொடியில் தொங்கவிட்டு முடித்தபோது, மாமா இன்னும் முக்காலியிலேயே இருந்தார்.

"வியாழக்கெழம பாவசங்கீர்த்தனம் பண்ணுனேன் கண்ணு. பாவத்துக்குன்னு சாமி குடுத்த அபராதம் ஒண்ணு பாக்கி நிக்குது."

"மூணு அருள் நிறைந்த மந்திரம்தானுங்களே மாமா. சொல்லி முடிச்சிட்டுக் காப்பி குடிங்க."

அவர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

பாஸ்கு ஞாயிறு மத்தியானம் பங்களா ஹாலில் சாமி, அவருடைய அக்காள், மடத்துப் பெரிய சிஸ்டர். நானும் மாமாவும் பரிமாறப் போயிருந்தோம். சாமியின் ஜெபப் புத்தகத்துக்குள் என் கடிதம் இருந்தது. வெள்ளைக் காகிதத்தின் ஓரமும் நீலச் சீலின் அரைவட்டமும் வெளியே தெரிந்தன. எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

அந்த அம்மாள் ஒரு துண்டை வெட்டி வாயில் வைத்தாள். மென்றாள். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். தம்பியிடம் ஏதோ சொன்னாள்.

"எங்கள் அம்மாவின் கை இது என்கிறாள்" என்றார் சாமி. மாமாவைத் திரும்பிப் பார்த்தார். பாராட்டுகிறவர் பார்க்கிற மாதிரி இல்லை. எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிற மாதிரி பார்த்தார்.

மாமா நடுங்குகிற இரண்டு கைகளையும் கூப்பினார்.

"சாமி, இது எங்கை இல்லைங்க. ஏழு வருஷமா ஒருநாளும் எங்கை இல்லைங்க. எல்லாம் இந்தப் புள்ள, புஷ்பமேரி பண்ணுனது. நான் தட்டத் தூக்கிட்டு வந்தவன் மட்டுந்தானுங்க. இதச் சொல்லோணும்கறதுதான் எனக்கு அபராதம்."

இந்த வார்த்தையை ஏழு வருடம் மனதுக்குள் கேட்டிருக்கிறேன். புனலைப் பிடித்துக்கொண்டு, குடலை அலசிக்கொண்டு, எத்தனையோ தடவை மாமாவை இப்படிப் பேசவைத்து, சாமியைத் திகைக்கவைத்து, நான் தலை நிமிர்ந்து நின்றிருக்கிறேன். அது நிஜமாக நடந்தபோது நான் தலை நிமிரவில்லை. ஜெபப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மாள் எழுந்து வந்து என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். பெரிய சிஸ்டர் கை தட்டினார். சாமி என் தலையில் கை வைத்தார்.

"இன்றுமுதல் நீதான் எங்கள் குசினிக்காரி. கஸ்பாருக்குப் பின்னும் அந்த வீடு உன்னுடையதே. இதை நான் எழுதி வைக்கிறேன். ஒருவரும் உங்களை அசைக்க முடியாது."

யாரும் அசைக்க முடியாது. உண்மைதான். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில். சாமி புத்தகத்தைத் திறந்து, கடிதத்தை எடுத்துப் படித்து, நான்காக மடித்து அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இதை மாற்றி எழுத வேண்டும், மகளே. நாளைக்கு வா."

மறுநாள் போனேன். புதுக் கடிதம் தயாராக இருந்தது, அழகான தமிழ். 'திருமதி புஷ்பமேரி ஏழு ஆண்டுகளாக எங்கள் மிஷன் குசினியில் உண்மையுடனும் ஒப்பற்ற திறமையுடனும் வேலை செய்து வருகிறார்' என்றிருந்தது. கீழே சீல்.

"சாமி, வேற எங்கயும் வேலையில இல்லைன்னு எழுதுனாத்தானுங்க அங்க எடுத்துக்குவாங்க. ஒரே ஒரு வரி."

"நேற்று எல்லார் முன்னிலும் அறிந்ததை நான் எப்படி மறைப்பேன்? பொய் எழுதலாமா?"

"ஏழு வருஷமா நீங்க சாப்பிட்டது பொய்தானுங்களே சாமி. அது மட்டும் தொண்டைக்குள்ள எறங்குச்சுங்களே?"

அவர் கோபப்படவில்லை. "உண்மை உன்னை விடுவிக்கும்" என்றார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்து ஒரு சாமியார் எதுவும் செய்யக் கூடாது என்பது சட்டம். அவர் எதுவும் செய்யவில்லை. அங்கே சொன்ன கிழவரையே வெளியே வந்து சொல்லவைத்தார், அவ்வளவுதான். உண்மைக்காகச் செய்தாரா, சாசேஜுக்காகச் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்காவது தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

புதன்கிழமை அந்தக் கடிதத்தோடே பென்னாகரம் போனேன். கிளார்க் இரண்டு தரம் படித்தார்.

"மிஷன்ல வேலையில இருக்கறீங்கன்னு போட்டிருக்குதேம்மா."

"சம்பளம் கெடையாதுங்க."

"குடியிருக்க வூடு குடுத்திருக்காங்களா?"

"ஆமாங்க."

"அப்ப வேலைதானேம்மா அது." அவருக்கே சங்கடமாக இருந்தது. பட்டியலில் அடுத்த பெயருக்கு நேராக ஒரு டிக் போட்டார். தீர்த்தம்மாள் என்று அந்தப் பெயரைத் தலைகீழாகப் படித்தேன். நன்றாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழுப்புக் கவரைக் கையில் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, தடவிப் பார்த்தார்.

"இத ஏன் கண்ணு எங்கிட்ட முன்னாடியே சொல்லல? செத்தாலும் வாயத் தொறந்திருக்க மாட்டேனே."

"உங்க அபராதம் என்னன்னு நீங்க ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

சின்னப்பராஜ் அடுத்த வாரம் வந்தார், வீடு எங்கள் பெயருக்கு ஆனதைக் கேட்டுக் காலனி முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

மாதக் கடைசியில் மாது மறுபடி கறி கொண்டுவந்து இறக்கினார். இந்தத் தடவை "கஸ்பாரண்ணே" என்று கூப்பிடவில்லை, "புஷ்பக்கா" என்று கூப்பிட்டார். சாமி புதுத் தகரப் புனல் ஒன்று அனுப்பியிருந்தார். நறுக்கினேன், இடித்தேன், பிசைந்தேன். தபசுகாலம் முடிந்துவிட்டது, என் நாக்குக்கு இப்போது எந்தக் கட்டும் இல்லை. உப்பை மட்டும் வேண்டுமென்றே தாறுமாறாக அள்ளிப் போட்டேன். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போட்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கெட்டுப் போகட்டும் என்று போட்டேன். இப்போது அவமானப்பட்டால் அது என் அவமானம், எனக்கு அதைத் தாங்க முடியும்.

சிட்டிகைக் கறியை வதக்கினேன். மாமா முக்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயில் வைத்து மென்றேன்.

"உப்பு எப்படி கண்ணு இருக்குது?" என்று கேட்டார்.

இன்னொரு சிட்டிகை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அழுகை வந்தது, புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

"கரெக்டா இருக்குதுங்க மாமா" என்றேன். கை தப்பாகப் போட மறந்துவிட்டது.